கோயில் தளங்களின் நாட்காட்டிச் செருகுநிரலை மாற்ற எந்த வழி நல்லது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தொடங்கி ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா வரை, நம் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் நடத்தும் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளங்கள் பலவற்றில் ஒரே நாட்காட்டிச் செருகுநிரல்தான், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்தான், ஓடிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்னார்வலர் தம் ஊர்க் கோயிலுக்காக எழுதியது அது. தைப்பூசக் காவடி எந்த நாள், கொடியேற்றம் எப்போது, புரட்டாசி என்று பிறக்கிறது, தமிழ் வகுப்பு எப்போது திறக்கிறது என்பதையெல்லாம் பக்கத்தில் காட்டும். பக்கத்துக் கோயில் கேட்டது, கொடுத்தார். அங்கிருந்து இன்னொரு கோயில் வாங்கிப் போனது. இப்படிக் கைமாறியே பரவிவிட்டது.

இப்போது அதை மாற்றியே தீர வேண்டும். காரணம், வேர்ட்பிரஸும் அதன் செருகுநிரல்களும் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி. அந்தச் செருகுநிரல் எழுதப்பட்ட காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' போன்ற கட்டளைகளை நீக்கப்போவதாக பிஎச்பி 7.2 எச்சரித்தது. 2020 நவம்பரில் வந்த 8.0 அவற்றை நீக்கியே விட்டது. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2022 நவம்பர் 28-ஓடு நின்றுபோயின. தளங்களுக்கு சர்வர் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வருகின்றன. ஒரு கோயிலின் சர்வர் 8-க்கு மாறிய அந்தக் கணமே, நாட்காட்டி மட்டும் இல்லை, தளமே திறக்காமல் போகும்.

இந்தத் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எப்படி மாற்றுவது என்று எங்களுக்குள் பல யோசனைகள் எழுந்தன. அவற்றை எடை போட்டுப் பார்க்கவே இதை எழுதுகிறேன். மொரீஷியசிலோ மலேசியாவிலோ இதே நிலையில் இருக்கும் தமிழ்த் தளக்காரர்களுக்கும் இது உதவலாம். எங்கள் தளங்களைப் பயன்படுத்துவோர் யாரும் இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. கோயில் செயலாளருக்கும், சனிக்கிழமை வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும், பூசை நேரம் பார்க்க வரும் பாட்டிக்கும் இன்று இருப்பது போதும். மாற்றம் நம்முடைய தேவை. ஆகவே அதன் சிரமமும் நம்மோடு நிற்க வேண்டும். வழிகளை இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

எது உடையக்கூடாது

எந்த வழியை எடுப்பது என்று பேசுமுன், பயன்படுத்துவோர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். செருகுநிரலின் நிரல் அவர்கள் கையில் இல்லை. அதை யாரும் பார்த்ததுகூட இல்லை. அவர்களிடம் இருப்பது வேறு.

முதலாவது ஷார்ட்கோடு. பக்கத்தின் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்த சிறு குறி. செருகுநிரல் ஓடினால் அந்த இடத்தில் விழாப் பட்டியல் வரும். நிறுத்தினால் அந்தக் குறி அப்படியே எழுத்தாகப் பக்கத்தில் நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், உடைந்தது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அளவுக்கு நல்லது.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லிங்க். அந்த லிங்க் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, உபயதாரர் அழைப்பிதழில் அச்சாகி வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. அச்சடித்த முகவரியைத் திரும்பப் பெற முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பழைய செருகுநிரல், கைப்பேசி நாட்காட்டிகள் படிக்கும் ஐகேலண்டர் வடிவத்தில் ஓர் ஓடையையும் தருகிறது. பக்தர் ஒருமுறை அந்த முகவரியைத் தம் கைப்பேசி நாட்காட்டியில் சேர்த்துவிட்டால் போதும். அதன் பிறகு கோயில் எதை மாற்றினாலும் கைப்பேசி தானே வந்து எடுத்துக்கொள்ளும். பல வீடுகளில் பேரப்பிள்ளை யாரோ சேர்த்துக் கொடுத்தது. பாட்டிக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இந்த முகவரி மாறினால் எந்த எச்சரிக்கையும் வராது. ஏற்கெனவே எடுத்து வைத்த தேதிகள் சில காலம் தெரியும், அதன் பிறகு புதியவை வராது. அவ்வளவுதான். தைப்பூசம் கைப்பேசியில் இல்லை என்பதை அவர் தைப்பூசம் முடிந்த பிறகுதான் அறிவார். பக்கம் உடைந்தால் கமிட்டிக்கு யாராவது போன் செய்வார்கள். ஓடை நின்றால் யாரும் செய்ய மாட்டார்கள். சத்தமில்லாமல் உடைவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து.

ஐகேலண்டரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தனி அடையாள எண் வேண்டும். ஓடையைச் சேர்க்காமல், கோப்பை இறக்கி நாட்காட்டிக்குள் போட்டவர்களும் இருக்கிறார்கள். புதிய செருகுநிரல் அதே விழாவுக்கு வேறு அடையாளம் கொடுத்தால், மறுமுறை கோப்பைப் போடும்போது ஒரே காவடி இரண்டு காவடியாகத் தெரியும். ஆகவே பழைய எண்கள் ஒன்றுகூட மாறாமல் வர வேண்டும்.

நான்காவது தேதிகள். பழைய செருகுநிரல் திதியையும் நட்சத்திரத்தையும் சென்னைச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுகிறது. டர்பனில் உதயம் வேறு. கடிகாரத்தில் இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. ஆனால் உதயத்துக்கு உதயம் பார்த்தால் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் இங்கே கோடை, சீக்கிரம் விடிகிறது. சென்னைக்கும் நமக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். ஜூனில் அதுவே நாலரை மணி நேரத்துக்குப் போய்விடும். அந்த இடைவெளிக்குள் ஒரு திதி முடிந்தால் சென்னையில் ஒரு நாள், டர்பனில் அதற்கு முந்தின நாள் என்றாகலாம். இங்குள்ள உதயத்தை எடுப்பதுதான் சரி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கருத்து உண்டு. ஆனால் கோயில்கள் இத்தனை ஆண்டுகளாகப் பழைய தேதியைப் பார்த்தே மண்டபம் பதிவு செய்தன, நாதஸ்வரக்காரருக்குச் சொல்லின, ஆண்டு நாட்காட்டி அச்சடித்தன. புதிய செருகுநிரல் வந்த அன்றே கணக்கைத் 'திருத்தி' விட்டால், அது திருத்தம் ஆகாது, குழப்பம் ஆகும். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்பவரின் பெயரால் ஒரு விதி சொல்வார்கள்: போதுமான பேர் பயன்படுத்தும் நிரலில், நீங்கள் வாக்குக் கொடுத்தது கொடுக்காதது எல்லாவற்றையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். சென்னை உதயம் அப்படிப்பட்ட ஒன்று. யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். உள்ளூர் உதயத்தை ஒரு விருப்பமாக வைக்கலாம். அதை இயக்குவதா என்று கோயிலும் அதன் குருக்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நிரல் எழுதுகிறவர் பண்டிகைத் தேதியைத் தீர்மானிக்கக் கூடாது.

இத்தோடு ஈஸ்டரும் இருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களில் ஈஸ்டர் வார இறுதியில் நடக்கும் திருவிழா தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இல்லாதது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோருக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்த நாட்களில் அம்மனுக்கு விழா எடுத்தார்கள், அது நிலைத்துவிட்டது. பழைய செருகுநிரலை எழுதியவர் இதை அறிந்தவர், ஈஸ்டர் கணக்கையும் உள்ளே வைத்திருக்கிறார். சென்னையில் எழுதிய எந்தப் பஞ்சாங்கச் செருகுநிரலிலும் இதை எதிர்பார்க்க முடியாது. சந்தையில் கிடைக்கும் பெரிய நிகழ்வு நாட்காட்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப் போகிறது. அவற்றில் திதியும் இல்லை, இந்த விழாவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தேதியையும் செயலாளர் கையால் போட வேண்டியிருக்கும்.

அதே பெயரில் உள்ளே மட்டும் மாற்றுவது

பழைய செருகுநிரலின் அடுத்த பதிப்பு என்று சொல்லி, உள்ளே முற்றிலும் புதிய நிரலை வைத்து அனுப்புவது முதல் வழி. வெளியே பெயர் அதே, ஃபோல்டர் அதே. செயலாளர் அப்டேட் பொத்தானை அழுத்தினால் போதும், தானியங்கி அப்டேட் இருந்தால் அதுவும் வேண்டாம். சிரமம் பயன்படுத்துவோர் மேல் விழக்கூடாது என்ற அளவுகோலில் இது முதல் இடத்தில் நிற்பது போலத் தோன்றும்.

இந்த வழிக்கு அண்மைக் காலத்தில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 20 இலட்சம் தளங்களுக்கு மேல் ஓடிய அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரலை, 2024 அக்டோபர் 12 அன்று வேர்ட்பிரஸ் செருகுநிரல்களைச் சேர்த்து வழங்கும் கிடங்கை நடத்துவோர் அதே முகவரியில் வைத்தே செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றி, தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்திருந்த டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தோடு நடந்த மோதலின் நடுவே நிகழ்ந்தது அது. டிசம்பரில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்த பிறகு அந்த இடம் பழைய உரிமையாளரிடமே திரும்பியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நிரல் ஏறக்குறைய அதேதான், தரவும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் எழுந்த கோபம் சாதாரணமானதல்ல. ஒருவரை நம்பி நிறுவியதை, கேட்காமல் வேறொருவர் வந்து மாற்றிவிட்டார் என்ற உணர்வு அது. தளம் உடையாவிட்டாலும் நம்பிக்கை உடையும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எங்களுக்கு அந்தத் தகராறு இல்லை. எழுதியவரே பொறுப்பை மனமுவந்து கொடுத்திருக்கிறார். தடை வேறு. வேர்ட்பிரஸ் ஒரு செருகுநிரலை அதன் ஃபோல்டர் பெயரையும் முதன்மைக் கோப்பின் பெயரையும் வைத்தே அடையாளம் காண்கிறது. எங்கள் செருகுநிரல் ஜிப் கோப்பாகக் கைமாறியது. ஒரு தளத்தில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் 1 என்று இருக்கும், இன்னொன்றில் கோயிலின் பெயரையே ஒட்டியிருப்பார்கள். அப்டேட் அனுப்பினால் ஒரு பகுதித் தளங்களுக்குப் போய்ச் சேரும், மற்றவை அறியவே அறியாது. போய்ச் சேர்ந்தவற்றிலும் ஏதாவது தவறினால் எல்லாம் ஒரே இரவில் தவறும். பழையது மேலெழுதப்பட்டிருப்பதால் திரும்பிப் போக இடமிருக்காது. பேக்கப் எடுக்கும் பழக்கம் எல்லாக் கோயிலிலும் கிடையாது.

தனிப் பெயரில் பக்கத்தில் வைப்பது

புதிய செருகுநிரலுக்குப் புதிய பெயர் கொடுத்து, பழையதைத் தொடாமல் பக்கத்தில் நிறுவுவது இரண்டாவது வழி. குரோம் உலாவி தன் நீட்டிப்புகளுக்கான விதிகளை மாற்றியபோது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பை எழுதிய ரேமண்ட் ஹில் இதைத்தான் செய்தார். புதிய விதிகளுக்குள் பழைய திறன் முழுவதையும் கொண்டுவர முடியாது என்று கண்டதும், பழைய பெயரிலேயே குறைந்த ஒன்றைத் தள்ளிவிடாமல், யூபிளாக் ஆரிஜின் லைட் என்று தனியாக வெளியிட்டார். எது வேண்டும் என்று பயனர் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்மையான வழி என்று இதை மதிக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்றால் ஒரே பெயரைக் கொடுக்கக் கூடாது.

ஆனால் சிரமம் இங்கே முழுக்கப் பயனர் பக்கம் போகிறது. லாகின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத கோயில் தளத்தில், புதியதைத் தேடி நிறுவுங்கள் என்று சொல்லி என்ன பயன்? இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் வரும் சிக்கல்களும் உண்டு. ஒரே ஷார்ட்கோடை இரண்டு செருகுநிரல்கள் பதிவு செய்தால் கடைசியாகப் பதிவு செய்தது வெல்லும், எது கடைசி என்பது தளத்துக்குத் தளம் மாறலாம். ஒரே பெயருள்ள ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு) இரண்டிலும் இருந்தால் தளம் விழுந்துவிடும். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல் அப்படி விழும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு லிங்க் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முகவரி பெரும்பாலும் முந்தைய கமிட்டியின் செயலாளருடையதாக இருக்கும்.

இந்த வழியில் கவனிக்காமல் விட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பைத் தரும் இடம் ஒன்று இருக்கிறது. செருகுநிரலை நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்தினால் தரவு அப்படியே இருக்கும். நீக்கினால், செருகுநிரலில் நீக்கல் கோப்பு இருக்கும் பட்சத்தில் அது ஓடி, டேட்டாபேஸில் உள்ளதையும் துடைத்துவிடலாம். எங்கள் பழைய செருகுநிரலில் அந்தக் கோப்பு இருக்கிறது. 'புதியது வந்துவிட்டதே, பழையது எதற்கு' என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் நீக்கினால், இத்தனை ஆண்டு விழாப் பதிவுகளும் போய்விடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை அந்தக் கோப்பை அகற்றுவதுதான்.

இடையில் ஒரு பாலம்

பழைய கட்டளைகளைப் புரிந்துகொண்டு புதிய நிரலுக்கு மாற்றிச் சொல்லும் ஓர் அடுக்கை நடுவில் வைப்பது மூன்றாவது வழி. ஜேக்வெரி மைக்ரேட் இப்படிப்பட்டது. உலாவியில் ஓடும் நிரல் தொகுப்பான ஜேக்வெரியின் பழைய பழக்கங்களை நம்பி எழுதிய நிரல்கள் புதிய பதிப்பிலும் ஓட அது துணை நின்றது. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 அந்தப் பாலத்தை எடுத்ததும் உலகெங்கும் தளங்களில் மெனு திறக்கவில்லை, படங்கள் நகரவில்லை. பாலத்தைத் திரும்பக் கொண்டுவர வேர்ட்பிரஸ் குழுவே ஒரு துணைச் செருகுநிரலை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 5.6 வந்தபோது ஜேக்வெரியின் புதிய பதிப்போடு அதற்கேற்ற பாலமும் சேர்ந்து வந்தது.

அந்தக் கதையில் எனக்குப் பயன்படும் செய்தி இது: பாலம் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கைகள், நிரலர் மட்டும் பிழை தேடும்போது திறந்து பார்க்கும் உலாவிக் கன்சோலில் வந்தன. தளம் வைத்திருப்பவர் அதைத் திறப்பதே இல்லை. ஆகவே பாலம் கட்டினால், யார் இன்னும் பழைய வழியில் போகிறார்கள் என்ற செய்தி, சரிசெய்யக் கூடியவர் கைக்கு வர வேண்டும். கோயில் செயலாளர் திரையில் மஞ்சள் பட்டை காட்டுவதால் ஒன்றும் நடக்காது, அவர் பயப்படுவார், அவ்வளவுதான்.

அந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்பச் செய்வதிலும் எல்லை உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா என்று இங்கே எல்லோரும் சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடைமுறையில் இருக்கிறது. உபயதாரர் பெயரோ தொலைபேசி எண்ணோ ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது. செருகுநிரல் பதிப்பு, பிஎச்பி பதிப்பு, எந்த ஷார்ட்கோடு பயன்பாட்டில் இருக்கிறது என்பது மட்டும் போதும். அதையும் கமிட்டி எழுத்தில் சம்மதித்த பிறகே இயக்க வேண்டும்.

பழையதை அப்படியே காப்பாற்றுவது

எதையும் மாற்ற வேண்டாம், பழைய பிஎச்பியை விடாமல் தரும் சர்வர் ஒன்றைப் பிடித்து எல்லாத் தளங்களையும் அங்கே கொண்டுபோய்விடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. செலவும் குறைவு என்றார்கள். இதற்கு நம் நாட்டிலேயே நடந்ததை நினைவூட்ட வேண்டும்.

உலாவியில் அசைபடமும் விளையாட்டும் படிவமும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலை 25 அன்று அறிவித்தது. ஏறக்குறைய மூன்றரை ஆண்டு அவகாசம். 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸ் தன் ஈஃபைலிங் படிவங்களில் பெரும்பகுதியை, ஃபிளாஷ் தேவைப்படாத எச்டிஎம்எல் 5-க்கு மாற்றியிருந்தது. சில படிவங்கள் மட்டும் மிச்சம். அந்தச் சிலவற்றுக்காக, ஃபிளாஷ் இயங்கும் தனி உலாவி ஒன்றையே அந்த ஜனவரியில் சார்ஸ் வெளியிட்டது. விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும்.

அன்று வரிக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டியிருந்தவருக்கு அந்த உலாவி உதவியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் விலையைப் பாருங்கள். உலகமே பாதுகாப்புக் காரணத்துக்காகக் கைவிட்ட ஒன்றை, மக்கள் தம் கணினியில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. ஆப்பிள் கணினி வைத்திருந்தவருக்கு வழியில்லை. பெரும்பகுதியை மாற்றி முடித்த பிறகும், மிச்சமிருந்த சிறுபகுதிதான் எல்லோர் கவனத்தையும் தின்றது. தொண்ணூறு பங்கு முடிந்துவிட்டது என்று மாற்ற வேலையில் யாராவது சொன்னால், மீதிப் பத்துப் பங்கில் யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் கேட்பேன்.

அதே ஃபிளாஷுக்கு வேறொரு முடிவும் நேர்ந்தது. 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ், தன்னிடமிருந்த பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ரஃபிள் என்ற திறமூல இயந்திரத்தின் மூலம் ஓட்டத் தொடங்கியது. ரஃபிள் அடோபியின் பிளேயர் அல்ல. ரஸ்ட் மொழியில் முதலிலிருந்து எழுதியது. பழைய கோப்புகளை யாரும் திருத்தவில்லை, பார்ப்பவர் எதையும் நிறுவத் தேவையில்லை. படிக்கும் இயந்திரம் மட்டும் புதிது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. பழைய படிவத்துக்காகப் பழைய இயந்திரத்தைக் காப்பாற்றுவது ஒரு வழி. பழைய கோப்பைத் தொடாமல், அதைப் படிக்கப் புதிய இயந்திரம் செய்வது இன்னொரு வழி. எழுதி வைத்தது பயனருடையது. அதைப் படிக்கும் கருவி நம்முடையது. நம்முடையதை மட்டும் மாற்றலாம்.

தேதி குறித்து அன்றோடு நிறுத்திவிடுவது என்ற ஐந்தாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை ஆண்டு அவகாசமும் உலகெங்கும் செய்தியும் இருந்தும் ஓர் அரசுத் துறையால் முடிக்க இயலவில்லை என்றால், தன்னார்வலர்கள் நடத்தும் கோயில் கமிட்டிகளால் முடியும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேர்ட்பிரஸும்கூட 2018 டிசம்பரில் பக்கங்களை எழுதும் புதிய எடிட்டரைக் கொண்டுவந்தபோது, பழையதை கிளாசிக் எடிட்டர் என்ற செருகுநிரலாகக் கொடுத்து 2021 இறுதி வரை ஆதரவு என்றது. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அதை விடவில்லை, காலக்கெடுவைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. தள்ளிப்போட்டதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பயனரைக் கவனித்தவர்கள் செய்யும் வேலை அது.

நாங்கள் எடுக்கும் வழி

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து எடுக்கிறோம். புதிய செருகுநிரல் தனிப் பெயரில், தனி ஃபோல்டரில் வரும். ஃபோல்டர் பெயர் எப்படி மாறியிருந்தாலும் அதனால் பாதிப்பில்லை. பழையது டேட்டாபேஸில் எழுதி வைத்ததை அப்படியே படிக்கும், நகலெடுக்காது, வடிவத்தை மாற்றாது. பழைய ஷார்ட்கோடுகள், பக்க முகவரிகள், ஓடை முகவரி, நிகழ்வு எண்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பதில் சொல்லும். தேதிக் கணக்கு சென்னை உதயத்தில்தான் தொடங்கும்.

நிறுவியவுடன் அது எதையும் காட்டாது. பழையதுதான் தொடர்ந்து காட்டும். புதியது பின்னால் அதே ஆண்டின் தேதிகளைக் கணக்கிட்டு, பழையதன் தேதிகளோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்கும். ஒரு தேதிகூட வேறுபடவில்லை என்று கண்ட பிறகே ஷார்ட்கோடை அதன் கையில் கொடுப்போம். இதனால் புதிய செருகுநிரல் பிஎச்பி 7.4-இலும் 8-இலும் ஓட வேண்டிய கட்டாயம் வருகிறது. பழையது 8-இல் ஓடாது, ஒப்பிட இரண்டும் ஒரே சர்வரில் இருந்தாக வேண்டுமே. எழுதுகிறவருக்கு இது கூடுதல் வேலை, புதிய பிஎச்பியின் வசதிகள் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும். விட்டுக்கொடுப்போம்.

மாற்றிய பிறகு ஏதாவது பிசகினால், அமைப்புப் பக்கத்தில் ஒரே பொத்தானில் பழையதற்குத் திரும்பலாம். பழையது நிறுத்தப்படாமல் அமைதியாக இருக்கும். நீக்கல் கோப்பு மட்டும் அதற்கு முன்பே அகற்றப்பட்டிருக்கும். சர்வரை பிஎச்பி 8-க்கு மாற்றுவதற்குச் சற்று முன்னால்தான் பழையதை நிறுத்துவோம்.

எப்போது என்பதும் முக்கியம். தை தொடங்கிச் சித்திரை வரை காவடிகள், நடுவே ஈஸ்டர். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பு. புரட்டாசி முழுக்க விரதம், அதன் பின் தீபாவளி, கந்த சஷ்டி. டிசம்பரில் பள்ளிகள் மூடி, நாடே விடுமுறையில் இருக்கும், போனை எடுக்க ஆள் இருக்காது. மிஞ்சுவது வைகாசியும் ஆனியும்தான். இங்கே குளிர்காலம், விழாக்கள் குறைவு. அந்த இரண்டு மாதத்துக்குள் முடியாத தளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவோமே தவிர, ஆடிக் கூட்டத்தின் நடுவே தொட மாட்டோம். அதுவரை அந்தத் தளத்தின் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பழைய பிஎச்பிக்கு அவகாசம் கேட்பது எங்கள் பொறுப்பு.

எல்லாத் தளங்களையும் ஒரே வாரத்தில் மாற்றப் போவதில்லை. முதலில், செயலாளரோ ஆசிரியரோ உடனே போன் எடுத்துப் பேசக்கூடிய சில தளங்கள். ஏனென்றால் பிழை இருந்தால் சொல்ல ஆள் வேண்டும். கூட்டம் அதிகம் வரும் பெரிய கோயில்கள் கடைசியில். தளத்துக்கு வரும் பக்தருக்கு எந்த அறிவிப்பும் காட்ட மாட்டோம், அவர் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. கமிட்டிக்கு மட்டும் ஒரு பக்கக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள் என்பதால் ஆங்கிலமும் கட்டாயம். என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை, தவறினால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

ஒரு தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் வரை புதியதில் ஓடி, எல்லா விழாவும் சரியான நாளில் காட்டிய தளத்தில்தான் பழைய செருகுநிரலை எடுப்போம். ஓடையின் பழைய முகவரியை ஒருபோதும் எடுக்க மாட்டோம். அந்த முகவரி எந்த வீட்டுக் கைப்பேசியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதைத் தாங்கி நிற்கச் சில வரி நிரல் போதும்.

உங்கள் கோயில் தளத்திலோ பள்ளித் தளத்திலோ இந்தச் செருகுநிரல் இருந்தால் மூன்று விவரம் பார்த்து வையுங்கள்: செருகுநிரல் ஃபோல்டரின் சரியான பெயர், சர்வரில் ஓடும் பிஎச்பி பதிப்பு, நிர்வாகி மின்னஞ்சல் இப்போது யாருக்குப் போகிறது என்பது. பிஎச்பி பதிப்பை வேர்ட்பிரஸின் தள நலப் (சைட் ஹெல்த்) பக்கத்திலும், ஃபோல்டர் பெயரை சர்வரில் செருகுநிரல்கள் இருக்கும் wp-content/plugins ஃபோல்டரிலும் பார்க்கலாம், தெரியாவிட்டால் நாங்கள் வந்து பார்க்கிறோம். மூன்றாவதை மட்டும் இன்றே சரிசெய்துவிடுங்கள், வைகாசி வரை காத்திருக்க வேண்டாம்.